பூவார் கரையில் தென்வானம்: விண்மொசைக் எடுக்கவும் தைக்கவும் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

நெய்யாறு கடலோடு சேரும் பூவார், 8.3 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் இல்லை. நகர வெளிச்சமும் இல்லை. டெல்லிக்காரர்களுக்குத் தொடுவானத்தை உரசிக்கொண்டு தெரிகிற தென்சிலுவை, நம் திரிசங்கு, இங்கே 21 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். பொழியூர், நீரோடி, கொல்லங்கோடு, உள்ளே பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லையின் இரு பக்கமும் வாழ்பவர்களுக்கு வாசலிலேயே கிடைத்திருக்கும் வானம் இது. அதில் அகலமான ஒரு துண்டைப் பல படங்களாக எடுத்து, ஒன்றாகத் தைத்து, ஒரே பெரும்படமாக்குவது எப்படி என்பதை முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தையல் தெரியாத மொசைக் மென்பொருளில் பிறப்பதில்லை, கரையில் நின்று படமெடுக்கும்போதே பிறக்கிறது. மொசைக்கின் பேனல்கள், அதாவது தைக்கப்போகும் தனித்தனிப் படங்கள், எல்லாம் ஒரே வானநிலையில், ஒரே உயரத்தில், ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டிருந்தால் கணினியில் வேலை மிகக் குறைவு. அப்படி இல்லாவிட்டால் எந்த விலையுயர்ந்த மென்பொருளும் முழுதாகக் காப்பாற்றாது.

பயிற்சிக்கு நிலா

தென்வானத்துக்குப் போகும்முன் நிலாவில் கைபழகுங்கள். இருட்டு வேண்டாம், கடற்கரை வேண்டாம், வீட்டு மொட்டைமாடி போதும். 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள தொலைநோக்கியில், 4.8 × 3.6 மி.மீ. சென்சார் கொண்ட சிறு கோள் கேமராவைப் பொருத்தினால் ஒரு சட்டத்தில் ஏறக்குறைய 14 × 10 நிமிடக்கோணம்தான் அடங்கும். நிலாவின் குறுக்களவு 31 நிமிடக்கோணம். அடுத்தடுத்த பேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியை, அதாவது ஓவர்லேப்பை, கால் பங்கு விட்டால் குறுக்கே 3, நெடுக்கே 4, ஆக 12 பேனல்.

நிலாவின் மிகப் பிரகாசமான பகுதியை முதலில் பார்த்து, அது வெளிறிப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரையும் கெயினையும் வையுங்கள். பிறகு 12 பேனல் முடியும்வரை இரண்டையும் தொடவே கூடாது. நிழல் எல்லைப் பகுதி இருட்டாக இருக்கிறதே என்று அங்கே மட்டும் கூட்டினால் தையல் கோடு அங்கேதான் வரும். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு சிறு வீடியோ எடுங்கள். நிழல் எல்லை நகர்ந்துகொண்டே இருப்பதால் மொத்த வேலையையும் அரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

வீடியோக்களை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் போட்டு, தெளிவான சட்டங்களில் 10 முதல் 20 விழுக்காட்டை மட்டும் அடுக்கி 12 படங்களாக்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஹகின் அவற்றை ஒட்டித் தரும். கூர்மையாக்கும் வேலையை ஒட்டிய பிறகு மொத்தப் படத்துக்கும் ஒரே முறை செய்யுங்கள். தனித்தனியே கூர்மையாக்கிய பேனல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

படி 1: இலக்கும் நாளும்

பூவாருக்கு என் தேர்வு கரினா நெபுலாவிலிருந்து தென்சிலுவை வரையான பட்டை. கரினா நெபுலா ஏறக்குறைய 7,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஈட்டா கரினே 1843இல் திடீரென ஒளிர்ந்து சில காலம் சிரியஸுக்கு அடுத்த பிரகாசத்தை எட்டிய விண்மீன். கரினாவுக்கும் தென்சிலுவைக்கும் இடையே ஐசி 2944 என்ற சிவந்த நெபுலாவும் கொத்துக் கொத்தாக விண்மீன் கூட்டங்களும் உண்டு. நம் பக்கத்துக் கரையிலிருந்து இந்த வானத்தைக் கவனமாகப் பார்த்தவர்களின் வரலாறு பழையது. 1689இல் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற இயேசுசபைப் பாதிரியார்தான் ஆல்பா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டுபிடித்தார்.

ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு மழைக்காலங்களும் வானத்தை எடுத்துக்கொள்கின்றன. ஏப்ரலில் கோடை இடிமழை. ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை வரும் அமாவாசை இரவுகளே உங்களுடையவை. மார்ச் நடுவில் கரினா இரவு ஏறக்குறைய 11.30க்கும் தென்சிலுவை 1.15க்கும் நேர் தெற்கில் உச்சிக்கு வரும். ஒரு மாதம் முந்தினால் இரண்டு மணி நேரம் தாமதம். உங்கள் நாளுக்குச் சரியான நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிற்கும் இடம்

பூவாரின் மணல்திட்டு அழகானது, ஆனால் காயலைப் படகில் கடந்துதான் அங்கே போக முடியும். நள்ளிரவுக் கருவி வேலைக்கு அது ஒத்துவராது. பொழிமுகத்தருகே நீரோட்டமும் அலையும் ஆபத்தானவை. பொழியூர், நீரோடிப் பக்கம் சாலையோடு ஒட்டிய கரையில், அலை எட்டாத திடமான தரையைத் தேர்ந்தெடுங்கள். பகலிலேயே போய்ப் பார்த்து, கரையில் வலை உலர்த்துபவர்களிடமும் வள்ளம் இறக்குபவர்களிடமும் எதற்காக வருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். விடிய விடிய அவர்கள் நடமாடும் இடம் அது. டார்ச் அடிக்கும் திசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் மனமுவந்து செய்வார்கள்.

வடமேற்கே விழிஞ்ஞம் துறைமுகமும் திருவனந்தபுரமும் ஒளிகாட்டும். கிழக்கே களியக்காவிளை, மார்த்தாண்டம். நமக்கு வேண்டிய தெற்கு, கடல்மேல். படகு விளக்குகள் தொடுவானத்தோடு நின்றுவிடும். நம் சட்டத்தின் கீழ் விளிம்பே 16 டிகிரி உயரத்தில் இருப்பதால் அவை படத்துக்குள் வராது.

உப்புதான் இங்கே பெரும் எதிரி. கடற்காற்று வீசும் மாலையில் லென்ஸைத் திறந்து வைத்தால், சிறிது நேரத்தில் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் ஒட்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பால்நிறத் திட்டாகத் தெரியும். அதோடு எடுத்த படத்தில் ஒவ்வொரு பிரகாச விண்மீனைச் சுற்றியும் ஒளிவட்டம் விழும். இரவு ஏற ஏறக் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்கு வீசத் தொடங்கும். அதுவரை மூடியைக் கழற்றாதீர்கள். பனி படியாமலிருக்க, பவர்பேங்கில் ஓடும் சூடாக்கும் பட்டையை லென்ஸில் சுற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது கட்டாயம்.

படி 3: துருவம் தெரியாத ஊரில் ட்ராக்கர்

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் கருவிகள்: ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமரா, 135 மி.மீ. லென்ஸ், விண்மீன்களின் ஓட்டத்தோடு கேமராவைச் சுழற்றும் சிறிய ஸ்டார் ட்ராக்கர், நல்ல எடையுள்ள ட்ரைபாட்.

எல்லா நூல்களும் துருவ விண்மீனைப் பார்த்து ட்ராக்கரை நேர்ப்படுத்தச் சொல்லும். பூவாரில் அது வெறும் 8 டிகிரி உயரத்தில், தென்னைகளுக்குப் பின்னால் இருக்கும். இதற்காக மனம் தளர வேண்டாம். ட்ராக்கரின் அச்சை 8.3 டிகிரி சாய்வில் வைத்து, இரும்பிலிருந்து தள்ளி நின்று திசைகாட்டியால் வடக்கைப் பார்த்து வையுங்கள். நேர்ப்படுத்தலில் 1 டிகிரி பிழை இருந்தாலும் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 விநாடிக்கோணம்தான் நழுவும். 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 5.7 விநாடிக்கோணம். ஆக 30 விநாடி எக்ஸ்போஷரில் நழுவல் ஏறக்குறைய ஒன்றரைப் பிக்சல். தொடங்குபவருக்கு அது போதும்.

ட்ராக்கரே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. விண்துருவத்தை நெருங்க நெருங்க விண்மீன்களின் ஓட்டம் மெதுவாகும். தென்சிலுவை இருக்கும் 60 டிகிரி தெற்கில் அது வான நடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். 2 விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து அடுக்கலாம். உழைப்பு அதிகம், பலன் உண்டு.

படி 4: பேனல் கணக்கு

22.3 × 14.9 மி.மீ. சென்சாரில் 135 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பு 9.4 × 6.3 டிகிரி. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, ஒரே வரிசையில் 4 பேனல் வைப்போம். வானில் வடக்கு-தெற்கு அளவான டெக் எல்லாவற்றுக்கும் −60.5 டிகிரி. கிழக்கு-மேற்கு அளவான ஆர்.ஏ. முறையே 10 மணி 45 நிமிடம், 11 மணி 20, 11 மணி 55, 12 மணி 30. முதல் பேனலின் நடுவில் கரினா, நான்காவதன் நடுவில் தென்சிலுவை. மொத்த அகலம் 19 டிகிரிக்குச் சற்று மேல்.

ஓவர்லேப் எவ்வளவு என்பதில் கஞ்சத்தனம் கூடாது. துருவம் நெருங்கும்போது ஆர்.ஏ. கோடுகள் குவிவதால் பேனல்கள் சற்றே விசிறிபோல் சாயும். மேற்சொன்ன கணக்கில் ஓவர்லேப் சட்டத்தின் நடுவில் ஏறக்குறைய 32 விழுக்காடு, மேல் விளிம்பில் 22, கீழே 42. நடுவில் 15 போதும் என்று வைத்திருந்தால் மேலே ஓவர்லேப் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும்.

ஓவர்லேப்பின் மதிப்பை நம் நாட்டவர் நூறாண்டுக்கு முன்பே கையால் செய்து காட்டியிருக்கிறார்கள். முழு வானத்தையும் படமெடுக்கும் பெருந்திட்டம் 1887இல் பாரிஸில் தொடங்கியது. வானத்தை மண்டலங்களாகப் பிரித்து உலகின் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். −17 முதல் −23 டிகிரி வரையான மண்டலம் ஹைதராபாத் நிஜாமியா ஆய்வகத்துக்கு வந்தது. டி. பி. பாஸ்கரன் இயக்குநராக இருந்த ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி நடந்தது. ஒவ்வொரு கண்ணாடித் தகடும் ஏறக்குறைய 2 டிகிரி சதுரம். ஒரு தகட்டின் மூலை அடுத்த தகட்டின் நடுவில் விழுமாறு திட்டமிட்டதால், ஒவ்வொரு விண்மீனும் இரு தகடுகளில் பதிந்தது. ஒன்றில் வரும் பிழையை மற்றதால் திருத்தவே இந்த ஏற்பாடு. நம் மென்பொருள் இன்று ஓவர்லேப்பில் செய்வதும் அதையே.

படி 5: வானமே பேனலைக் கொண்டுவரும்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் மதிக்கும் படி இது. பேனல்களுக்கு இடையே 35 நிமிட ஆர்.ஏ. வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆர்.ஏ.வில் 35 நிமிடம் என்றால், ஒரு பேனல் நேர் தெற்கைக் கடந்து ஏறக்குறைய 35 நிமிடம் கழித்து அடுத்தது அதே இடத்துக்கு வரும். ஆகவே ஒவ்வொரு பேனலையும் அது தெற்கைக் கடக்கும் வேளையில் மட்டும் எடுத்தால், நான்கும் ஒரே திசையில், ஒரே உயரத்தில், ஒரே தடிமனுள்ள காற்றின் வழியே பதிவாகும். 21 டிகிரி உயரத்தில் ஒளி கடக்கும் காற்று, தலைக்கு மேல் இருப்பதைப்போல் 2.7 மடங்கு. அந்த மடங்கு பேனலுக்குப் பேனல் மாறினால் நிறமும் பின்னணியும் மாறும். மாறாமலிருப்பதே தையலின் பாதி.

செய்முறை எளிது. முதல் பேனல் உச்சிக்கு வர 17 நிமிடம் இருக்கும்போது அதை நடுவில் கொண்டுவாருங்கள். ஒரு சோதனைப் படம் எடுத்து ஸ்டெல்லேரியத்தோடு ஒப்பிட்டுச் சட்டத்தைச் சரிபாருங்கள். இப்போது ட்ராக்கரின் சுழலும் வளையத்திலும் நிலையான உடலிலும் சேர்ந்தாற்போல் ஒரு ஸ்டிக்கர் துண்டை ஒட்டி, இரண்டின் மேலும் ஓடும்படி பென்சிலால் கோடிட்டு, பிளேடால் நடுவே வெட்டிவிடுங்கள். ட்ராக்கரை ஓடவிட்டு 30 நிமிடம் எடுங்கள். 30 விநாடிப் படங்கள், ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8. நேரம் முடிந்ததும் வளையத்தைத் தளர்த்தி, பென்சில் கோடுகள் மீண்டும் சேரும்வரை பின்னே திருப்புங்கள். தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக 35ஆவது நிமிடத்தில் ட்ராக்கரை மீண்டும் ஓடவிடுங்கள். இரண்டாவது பேனல் சட்டத்துக்குள் வந்து நிற்கும். இலக்கைத் தேடித் தரும் கோ-டூ மவுண்ட் தேவையே இல்லை. கேமராவின் சாய்வும் மாறாது.

குவியத்தை ஒரு பிரகாச விண்மீனில் சரிசெய்து, லென்ஸ் வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள். வைட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர் எதையும் இரவு முழுக்கத் தொடாதீர்கள். கோப்பு ராவாக மட்டும் இருக்கட்டும்.

படி 6: ஃப்ளாட், டார்க், பயாஸ்

லென்ஸின் மூலைகள் எப்போதும் நடுவைவிட இருண்டவை. தனிப்படத்தில் அது கண்ணில் படாது. மொசைக்கில் இரு பேனல்களின் இருண்ட ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் பட்டையாக நிற்கும். இதற்கு ஒரே மருந்து ஃப்ளாட். விடியும் வேளையில் கேமராவைக் கழற்றாமல், குவியத்தை மாற்றாமல், வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் லென்ஸ்மேல் இழுத்துக் கட்டி, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தைப் பார்த்து 30 படம் எடுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவில் இருக்க வேண்டும். நான்கு பேனலும் ஒரே அமைப்பில் எடுத்தவை என்பதால் ஒரு தொகுதி ஃப்ளாட் எல்லாவற்றுக்கும் போதும்.

டார்க் படங்களை லென்ஸ் மூடியைப் போட்டு, அதே 30 விநாடியில், அந்த இரவிலேயே எடுங்கள். நம் கடற்கரை இரவு புழுக்கமானது, சென்சார் சூட்டில் இரைச்சல் அதிகம். வீட்டு ஏசி அறையில் எடுத்த டார்க் இதற்குப் பொருந்தாது. மூடியோடு, கேமராவின் மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுக்கும் பயாஸ் படங்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

படி 7: பேனல்களை அடுக்குதல்

இலவச மென்பொருளான சிரில் இந்த முழு வேலைக்கும் போதும். மொசைக் வசதி அதன் 1.4 பதிப்பில் உள்ளது. ஒவ்வொரு பேனலையும் தனிக் கோப்புறையில் வைத்து, தயாராக உள்ள ஸ்கிரிப்டால் தனித்தனியே அடுக்குங்கள். விமானக் கோடுகளும் செயற்கைக்கோள் கோடுகளும் இங்கேயே நீங்கிவிடும்.

வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் 32 பிட் வண்ணத்தில் 288 எம்பி. ஒரு பேனலுக்கு 60 படம் என்றால் இடைநிலைக் கோப்புகளே 17 ஜிபி. ஒரு பேனல் முடிந்ததும் அவற்றை அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம்.

கிடைக்கும் நான்கு படங்களும் கறுப்பாக, ஒன்றும் இல்லாததுபோல் தெரியும். அவற்றை அப்படியே விடுங்கள். முதல் பேனலில் கரினாவைப் பார்க்கும் ஆசையில் அதை ஸ்ட்ரெச் செய்து, அதாவது மங்கலான பகுதிகளை இழுத்துப் பிரகாசமாக்கி, பிறகு மற்றவற்றையும் அதேபோல் கண்ணால் பார்த்துச் சரிக்கட்ட முனைவது வீண்வேலை. ஸ்ட்ரெச் செய்யாத படத்தில் ஒளியும் எண்ணும் நேர்விகிதத்தில் இருக்கும். ஓவர்லேப்பில் உள்ள ஒரே விண்மீன் இரு பேனலிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று மென்பொருளால் கணக்கிட முடியும். ஸ்ட்ரெச் செய்தபின் அந்தக் கணக்கு உடைந்துவிடும். திரையில் மட்டும் பிரகாசமாகக் காட்டும் ஆட்டோஸ்ட்ரெச் வசதி உண்டு. சரிபார்க்க அது போதும்.

பின்னணிச் சாய்வை நீக்க, ஒவ்வொரு பேனலுக்கும் முதற்படி நேர்ச்சாய்வு மட்டும் கொடுங்கள். அதற்குமேல் வளைவான நீக்கம் வேண்டாம். பால்வீதியின் நடுவே படமெடுத்திருக்கிறோம், வெறும் வானம் என்று எதுவும் இங்கே இல்லை. தென்சிலுவைக்கு அருகே கறுத்துத் தெரியும் கோல்சாக், ஒளியை மறைக்கும் தூசுமுகில். தானியங்கிக் கருவிகள் அதைப் பின்னணி என்று எண்ணி அதற்கேற்ப மற்றவற்றை இழுத்துக் கெடுக்கும்.

படி 8: தையல்

நான்கு படங்களிலும் பிளேட் சால்வ் ஓட்டுங்கள். விண்மீன்களின் அமைப்பை அட்டவணையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிக்சலும் வானில் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் வேலை அது. குவியத்தூரம் 135, பிக்சல் அளவு, நடுவின் ஆர்.ஏ., டெக் ஆகியவற்றைச் சரியாகக் கொடுத்தால் நொடிகளில் முடியும். பிறகு நான்கையும் ஒரு தொடராக்கி, வானியல் ஆய அடிப்படையிலான பதிவைத் தேர்ந்தெடுத்து, சட்ட அளவை அதிகபட்சமாக வையுங்கள். அடுக்கும்போது மூன்று விருப்பங்கள் முக்கியம்: படப்பரப்பைப் பெரிதாக்குதல், ஓவர்லேப்பை வைத்துச் சமன்செய்தல், ஓரங்களை இழைத்து மங்கவைக்கும் ஃபெதர். ஃபெதரைச் சில நூறு பிக்சல் கொடுங்கள்.

முடிவை ஆட்டோஸ்ட்ரெச்சில் பார்த்து, மூன்று ஓவர்லேப் பகுதிகளையும் 100 விழுக்காட்டில் பெரிதாக்கிச் சோதியுங்கள். விண்மீன்கள் இரட்டையாகத் தெரிந்தால் பிளேட் சால்வ் பிழை. லென்ஸ் வளைவுத் திருத்தத்தைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். பட்டையாகக் கருமை தெரிந்தால் ஃப்ளாட் சரியில்லை. ஒரு பேனல் முழுவதும் வெளிறியிருந்தால் அந்த வேளையில் மெல்லிய மேகம் கடந்திருக்கும். அந்தப் பேனலின் படங்களை மீண்டும் பிரித்துப் பார்த்து, மங்கியவற்றை நீக்கி அடுக்குங்கள். மென்பொருளில் ஒட்டுப்போட்டு மறைப்பதைவிட, காரணத்துக்குத் திரும்பிப் போவதே விரைவான வழி.

படி 9: ஒரே படமாகப் பார்த்து முடித்தல்

விசிறி போன்ற ஓரங்களை வெட்டிச் செவ்வகமாக்குங்கள். மொத்த மொசைக்குக்கும் ஒரே முறை நிறத் திருத்தம் செய்யுங்கள். விண்மீன்களின் உண்மை நிறத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வசதி சிரிலில் உண்டு. தாழ்ந்த உயரத்தில் நீலம் அதிகம் குறைந்துபோகும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள். பிறகு ஸ்ட்ரெச். ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக, கரினாவின் நடுப்பகுதி வெளிறாத அளவுக்கு. ஈட்டா கரினே அருகே உள்ள கருவரி தெளிவாக இருக்கிறதா என்பதே என் அளவுகோல். அது மறைந்தால் அதிகமாகிவிட்டது. தென்சிலுவையின் காக்ரக்ஸ் விண்மீன் ஆரஞ்சாகவும் சிலுவையின் மற்ற மூன்று பிரகாச விண்மீன்கள் நீலவெண்மையாகவும் இருந்தால் நிறம் சரி.

அடுத்த பேனல்கள்

ஸ்ட்ரெச் செய்யாத நான்கு பேனல் கோப்புகளையும் ஃப்ளாட், டார்க் படங்களையும் அழிக்காதீர்கள். −60.5 டிகிரிப் பட்டை தென்சிலுவையோடு முடிவதில்லை. அதே 35 நிமிட இடைவெளியில் 13 மணி 5, 13 மணி 40, 14 மணி 15, 14 மணி 50 என்று இன்னும் நான்கு பேனல் சேர்த்தால் கோல்சாக் முழுதும் வரும், பீட்டா சென்டாரி வரும், கடைசியில் ரிஷோ பார்த்த ஆல்பா சென்டாரியும் வரும். எல்லாம் அதே கிடைவரிசையில். அகலம் 36 டிகிரியைத் தாண்டுவதால் எட்டையும் ஹகினில் உருளை வடிவில் தைக்க வேண்டியிருக்கும். அதே கேமரா, அதே லென்ஸ், அதே நெட்டுக்குத்து நிலை இருந்தால் மிச்சத்தை அடுத்த அமாவாசையிலோ அடுத்த ஆண்டிலோ எடுக்கலாம். மார்ச் நடுவில் ஐந்தாவது பேனல் உச்சிக்கு வருவது இரவு 1.50க்கு.